வாசல் வரை அவர்கள் கம்பி, உள்ளே நம் ரூட்டர்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர்கள் வீட்டுக்குள் அதிக தூரம் வருவதில்லை. தெருக் கம்பத்திலிருந்து இழுத்த கறுப்பு வயர் எந்த ஜன்னல் வழியாக நுழைகிறதோ, அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இரண்டு ஆணி அடித்து வெள்ளைப் பெட்டியை மாட்டுகிறார்கள். செல்போனில் வேகத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டின் இணையம் எப்படி இருக்கும் என்பதை ஆணி அடித்த இடமும், பெட்டிக்குள் யாரோ முன்பே போட்டு வைத்த செட்டிங்குகளும்தான் முடிவு செய்கின்றன. பின்கட்டில் படிக்கிற பிள்ளைக்கு சிக்னல் எட்டாது. மாடியில் வீடியோ கால் திக்கித் திணறும். கேட்டால், "நெட்டே இப்படித்தான்" என்று வீட்டில் எல்லோரும் பழகிப் போயிருப்பார்கள்.

பழகிப் போக வேண்டியதில்லை. கம்பெனியின் பொறுப்பு வாசலோடு முடியட்டும். வீட்டுக்குள் ஓடுவது வீட்டுக்காரர் கையில் இருக்கட்டும். அதற்கு நம் காசில் வாங்கிய ஒரு ரூட்டரும் நல்ல லேன் கேபிளும் வேண்டும். அவற்றைவிட முக்கியமாக, எந்தப் பெட்டி எந்த வேலையைச் செய்கிறது என்ற தெளிவு வேண்டும். உறவுக்காரர், நண்பர் வீடுகளில் இந்த வேலையைச் செய்து கொடுத்துப் பார்த்ததில், சிக்கல் வந்த இடங்களில் எல்லாம் அந்தத் தெளிவுதான் குறைந்திருந்தது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மோடம் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பெட்டிக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றுகிறது. கம்பெனி தரும் ஒரே ஒரு ஐபி முகவரியை வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள அத்தனை கருவிகளுக்கும் இணையம் கொடுக்கிறது. பின்புறத் துளைகளில் செருகியவற்றை ஒன்றோடு ஒன்று இணைக்கிறது. வைஃபை பரப்புகிறது. இவற்றில் முதல் வேலை மட்டும்தான் கம்பெனி சம்பந்தப்பட்டது. மற்ற மூன்றையும் நம் ரூட்டர் எடுத்துக்கொள்ள முடியும்.

முதல் வேலையை அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது. நம் ஊர்ப் பக்கம் பரவலாக இருப்பது ஜிபான் என்ற முறை. எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் ஒரே இழை, வழியில் ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. வரும் ஒளி 1490 நானோமீட்டர், நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட். போகும் ஒளி 1310 நானோமீட்டர், அதில் பாதி வேகம். ஒரே இழையில் இரண்டும் எதிரெதிராகப் போய்க்கொண்டிருக்கும். கீழே வரும் தகவல் அந்தக் கிளையிலுள்ள எல்லா வீட்டுப் பெட்டிகளுக்கும் வந்து சேர்கிறது. அவரவருக்கு உரியதை மட்டும் அவரவர் பெட்டி பூட்டைத் திறந்து எடுத்துக்கொள்கிறது. மேலே அனுப்புவதற்கு ஒவ்வொரு பெட்டிக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இத்தனை ஒழுங்கும் எக்ஸ்சேஞ்சில் பதிவான பெட்டியின் சீரியல் நம்பரை வைத்து நடப்பதால், கடையில் வேறு ஓஎன்டி (ஒளியை மாற்றும் இந்தப் பெட்டியின் பெயர்) வாங்கிச் செருகினால் அவர்கள் பதிவு செய்து கொடுத்தாலொழிய அது எழுந்து உட்காராது. இழையின் முனையிலுள்ள பச்சை நிறக் கனெக்டர் எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. அதை அடிக்கடி கழற்றி மாட்டக் கூடாது, விரலால் தொடக் கூடாது, இழையைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் நம் ரூட்டரை நோண்டிப் பயனில்லை, ஃபோன் செய்து லைன் பார்க்க ஆள் வரச் சொல்ல வேண்டியதுதான்.

சொந்த ரூட்டர் எதற்கு என்று கேட்பவர்களிடம் வைஃபை எட்டாததைத்தான் முதலில் சொல்வேன். மதுரையின் பழைய பகுதியில் வீடுகள் அகலம் குறைந்து நீளமாகப் பின்னால் ஓடுகின்றன. ஒன்றரை அடி சுண்ணாம்புக் காரைச் சுவர்கள். இப்படி மூன்று சுவர் தாண்டி எந்த ஆண்டெனாவும் ஒழுங்காகப் பேசாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாவது சுவரிலேயே களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் கொஞ்சம் தூரம் போகும்; ஆனால் அதில் ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். நெருக்கமான சந்துகளில் பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு என எல்லோரும் அந்த மூன்றிலேயே நெரிசலாக இருக்கிறார்கள். பெட்டி வாசல் ஜன்னலில் மாட்டியிருந்தால் சிக்னலில் பாதி தெருவுக்குத்தான் போகிறது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. கம்பெனிப் பெட்டியின் நிர்வாகம் நம்மிடம் முழுதாக இல்லை. டிஆர்-069 என்ற நெறிமுறை 2004ல் வந்தது. கம்பெனி தன் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டே நம் வீட்டுப் பெட்டியின் செட்டிங்கை மாற்றவும், மென்பொருளைப் புதுப்பிக்கவும் அது வழி செய்கிறது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களைப் பராமரிக்க அவர்களுக்கு அது தேவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதவு மற்றவர்களுக்கும் திறந்துவிடும் நாள் உண்டு. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களின் ஏறத்தாழ 9 லட்சம் ரூட்டர்கள் முடங்கின. மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை, இந்தத் தொலைநிர்வாக வாசலான 7547 என்ற போர்ட்டைத் தட்டித் தேடியதன் விளைவு அது. அதே மிராய்தான் அதற்கு முந்தைய மாதம், பாஸ்வேர்டு மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் படையாகத் திரட்டி, டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை, அதாவது தளப் பெயர்களுக்கு ஐபி முகவரி தேடித் தரும் நிறுவனத்தை, தாக்கிப் பல பெரிய தளங்களைத் திறக்க விடாமல் செய்தது. என் வீட்டின் பூட்டு என் கையில் இருக்க வேண்டும், அதன் மென்பொருளை எப்போது புதுப்பிப்பது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

சொந்தக் கருவியைக் கம்பெனி லைனில் மாட்டும் உரிமைக்காக மற்ற நாடுகளில் பெரிய வழக்குகளே நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் தாமஸ் கார்ட்டர் என்பவர், வானொலிக் கருவியையும் டெலிபோனையும் இணைக்கும் கார்ட்டர்ஃபோன் என்ற சாதனத்தை விற்றார். தங்கள் லைனில் மற்றவர் கருவி கூடாது என்று டெலிபோன் கம்பெனியான ஏடி அண்ட் டி எதிர்த்தது. 1968ல் அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம் கார்ட்டர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, விரும்பிய முனையக் கருவியைப் பயன்படுத்தும் உரிமையைப் பயனாளருக்கு எழுதியே கொடுத்தது. ஜெர்மனி 2016 ஆகஸ்ட் 1 முதல் கம்பெனி ரூட்டரைத் திணிப்பதைச் சட்டத்தால் நிறுத்தியது. நம் வீட்டு ஜன்னலோரத்தில் நாம் கேட்கப்போகும் சின்ன உதவிக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட கதை இருக்கிறது.

இனி இணைக்கும் வேலை. எளிய வழி: கம்பெனிப் பெட்டியின் லேன் துளை ஒன்றிலிருந்து கேபிள் எடுத்து, நம் ரூட்டரின் வான் (WAN) துளையில், அதாவது வெளி இணைப்புக்கான துளையில், செருகுவது. பல ரூட்டர்களில் அது நீல நிறத்தில் தனியாக இருக்கும், சிலவற்றில் இன்டர்நெட் என்று எழுதியிருக்கும். நம் ரூட்டரில் டைனமிக் ஐபி என்று தேர்ந்தெடுத்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் நெட் வந்துவிடும். கம்பெனியில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பல வீடுகளுக்கு இதுவே போதும்.

ஆனால் இதில் இரட்டை நேட் என்று ஒன்று உருவாகிறது. மதுரையில் காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். வெளியே ஒரே கதவிலக்கம், உள்ளே பத்துக் குடித்தனம். தபால்காரருக்குக் கதவிலக்கம் மட்டும்தான் தெரியும். எந்தக் கடிதம் எந்தக் குடித்தனத்துக்கு என்பது வாசலில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரம்மாவுக்குத்தான் தெரியும். நேட் செய்வது அந்த வேலை. உள்ளிருந்து யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, வரும் பதிலைச் சரியான ஆளிடம் சேர்க்கிறது. இப்போது அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே இன்னொரு காம்பவுண்டு, அதற்கு இன்னொரு வாசல், இன்னொரு வீட்டுக்காரம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து கேட்டு வாங்குவது எல்லாம் நடக்கும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தேடி வருகிறவரை முதல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

யூடியூப் பார்ப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகத் திறக்கப் பார்ப்பவருக்கும், ஆன்லைனில் நண்பர்களோடு கேம் ஆடும் பிள்ளைகளுக்கும், வீட்டுக் கணினிக்குள் வெளியிலிருந்து நுழைய வேண்டியவருக்கும் இது தலைவலி. ஐபிவி6 என்ற புது வகை முகவரிகளும் இப்படி வைத்தால் உள் ரூட்டர் வரை வராமல் போவதுண்டு; கம்பெனிப் பெட்டி தனக்கு வந்த முகவரித் தொகுப்பிலிருந்து அடுத்த ரூட்டருக்குப் பிரித்துக் கொடுக்காமல் தானே வைத்துக்கொள்கிறது.

இந்த எளிய வழியிலேயே பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனிப் பெட்டியின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1. கடையில் வாங்கும் பல ரூட்டர்களும் அதே முகவரியோடுதான் வருகின்றன. இரண்டு பக்கமும் ஒரே தொடரில் இருந்தால் எதை எங்கே அனுப்புவது என்று ரூட்டருக்குக் குழப்பம், நெட் வராது. நம் ரூட்டரை 192.168.50.1 என்றோ 10.10.10.1 என்றோ மாற்றிவிட்டால் தீர்ந்தது. இவையெல்லாம் வீடு, அலுவலகம் போன்ற உள் நெட்வொர்க்குகளுக்கென்றே 1996ல் ஒதுக்கி வைத்த எண்கள். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. சில புது ரூட்டர்கள் மோதலைக் கண்டுபிடித்துத் தாமே மாறிக்கொள்கின்றன. கையோடு பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதை அணைக்காமல் விட்டால் போன்கள் பழக்க தோஷத்தில் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும், நமக்கும் ஒரு சேனல் வீணாக நெரிசலாகும்.

இரட்டை நேட் வேண்டாம் என்பவர்களுக்கு பிரிட்ஜ் மோடு. கம்பெனிப் பெட்டி ஒளியை மாற்றும் வேலையோடு நின்றுகொள்ளும். முகவரி வாங்குவது, பங்கிடுவது, பாதுகாப்பது எல்லாம் நம் ரூட்டர். இது புது விஷயமும் இல்லை. 2005ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்த நாட்களில் பல வீடுகளில் மோடம் பிரிட்ஜில்தான் இருந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்து யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு 'கனெக்ட்' அழுத்தினால்தான் நெட் வரும். அன்று கம்ப்யூட்டர் செய்த அந்த வேலையை இன்று ரூட்டர் செய்யப்போகிறது.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் என் மாமா வீடு. கீழே ஜவுளி குடோன், மேலே குடியிருப்பு. குடோனில் கேமராக்களும், அவற்றின் காட்சியைப் பதியும் டிவிஆரும் இருக்கின்றன. மாமா சரக்கெடுக்க ஈரோடு போனால் அங்கிருந்தே குடோனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவர் நெட் கம்பெனிக்கு பிரிட்ஜ் கேட்டு ஃபோன் செய்தோம். வந்த தம்பி கெட்டிக்காரர், ஆனால் தயங்கினார்.

"அண்ணே, பிரிட்ஜ் போட்டுவிட்டா நாளைக்கு நெட் வரலைன்னு கம்ப்ளெயிண்ட் போட்டா எங்க பக்கம் ஒண்ணும் பாக்க முடியாதுண்ணே."

"அது சரிதான் தம்பி. அப்படி ஆச்சுன்னா எங்க ரூட்டரைக் கழட்டி வச்சுட்டு, லேப்டாப்பை நேரா உங்க பெட்டியில சொருகிப் பாத்துட்டுத்தான் உங்களைக் கூப்புடுவோம்."

"லேண்ட்லைன் இருக்காண்ணே? இருந்தா அதுல கை வைக்காமப் போடணும்."

மாமா குறுக்கே வந்தார். "ஏ மாப்ள, ஃபோன் போயிரக் கூடாதுய்யா. முப்பது வருசமா வியாபாரிகளுக்கெல்லாம் அந்த நம்பர்தான்."

அந்தத் தம்பி எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. ஃபைபர் இணைப்பில் லேண்ட்லைனும் அதே பெட்டிக்குள்ளிருந்துதான் வருகிறது. பெட்டியின் ஃபோன் துளைக்கும் இணையத்துக்கும் தனித்தனி வி-லேன் எண்கள் (ஒரே கம்பியில் தடங்களைப் பிரிக்கும் எண்கள்) ஓடும். இணையத்துக்கான வழியை மட்டும் பிரிட்ஜாக மாற்றி, குரலுக்கான வழியைத் தொடாமல் விட்டால் ஃபோன் அப்படியே இருக்கும். மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக எழுதினால் போய்விடும். வீட்டில் லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லியே பிரிட்ஜ் கேட்க வேண்டும். அவர் பொறுமையாகப் பார்த்துப் பார்த்து மாற்றிக் கொடுத்தார், ஃபோன் மணி அடிக்கிறதா என்று தன் செல்லிலிருந்து அழைத்தும் காட்டினார். நல்ல வேலைக்காரருக்கு ஒரு அடையாளம் அது.

பிரிட்ஜ் போட்ட பிறகு நம் ரூட்டரில் பிபிபிஓஇ என்ற உள்நுழையும் முறையைத் தேர்ந்தெடுத்து, கம்பெனி கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டைப் போட வேண்டும். இந்த இரண்டையும் இணைப்புக் கொடுக்கும் அன்றே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் அங்கே இங்கே என்று அலைய வேண்டியிருக்கும். சில கம்பெனிகளில் வி-லேன் எண்ணை ரூட்டரிலும் போட வேண்டும், சிலவற்றில் பெட்டியே பார்த்துக்கொள்ளும். இன்னும் சிலர் பழைய கருவியின் மேக் முகவரியை (கருவிக்கே உரிய அடையாள எண்) பதிவு செய்து வைத்திருப்பார்கள்; அங்கே ரூட்டரின் 'மேக் குளோன்' வசதியில் பழைய பெட்டியின் எண்ணைக் கொடுத்தால் வழி திறக்கும்.

ஒரு வினோதமான கோளாறைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காரணம் தெரியாவிட்டால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். கூகுள் திறக்கும், வாட்ஸாப் ஓடும், ஆனால் ஏதோ ஒரு வங்கித் தளமோ அரசுத் தளமோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ அதில் எட்டு பைட்டைத் தன் தலைப்புக்கு எடுத்துக்கொள்கிறது; மிச்சம் 1492. பெரிய பொட்டலம் வழியில் தடைபட்டு, "பெரிதாக இருக்கிறது, சின்னதாக்கு" என்று திரும்பி வர வேண்டிய தகவலும் எங்கோ மறிக்கப்பட்டால் அந்தத் தளம் மட்டும் உறைந்து நிற்கும். ரூட்டரில் பொட்டலத்தின் உச்ச அளவைச் சொல்லும் எம்டியு என்ற இடத்தில் 1492 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ரூட்டர்கள் தாமாகவே அப்படி வைத்துக்கொள்ளும்; யாராவது 1500 என்று மாற்றி வைத்திருந்தால் இந்தக் கூத்து நடக்கும்.

மாமா வீட்டில் பிரிட்ஜ் ஓடத் தொடங்கியதும் ரூட்டரின் வான் முகவரியைப் பார்த்தோம். 100 என்று தொடங்கி, அடுத்த எண் 64க்கும் 127க்கும் நடுவில் இருந்தது. அதைப் பார்த்ததுமே கேமராவுக்கு நேரடி வழி கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. உலகத்தின் ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகளில் மிச்சமிருந்த கடைசிப் பெரும் தொகுப்புகள் 2011 பிப்ரவரியில் பிராந்தியங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆசிய-பசிபிக் பகுதிக்கு அந்த ஏப்ரலிலேயே பங்கீட்டுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆளுக்கொரு முகவரி கொடுக்க வழியில்லாமல், கம்பெனிகள் தங்கள் அளவிலேயே ஒரு பெரிய நேட் வைத்துப் பல வீடுகளை ஒரே முகவரியில் அனுப்புகின்றன. அதற்கென்று 2012ல் ஒதுக்கிய தொடர்தான் 100.64 முதல் 100.127 வரை. இதை சிஜி-நேட் என்பார்கள். நாம் வீட்டுக்குள் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளி வாசல் கம்பெனியிடம் இருக்கிறது.

இதற்குச் சில வழிகள் இருக்கின்றன. மாதம் கூடுதலாகப் பணம் கட்டி, நமக்கே உரிய மாறாத முகவரியான ஸ்டேட்டிக் ஐபி வாங்குவது நேரான வழி. கடை, குடோன் வைத்திருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கம்பெனி ஐபிவி6 கொடுத்தால் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுக்கச் செல்லும் முகவரி கிடைக்கிறது, நேட்டுக்கே தேவையில்லை. ஆனால் டிவிஆருக்கும் ஐபிவி6 தெரிந்திருக்க வேண்டும், பார்க்கும் செல்போன் இணைப்பிலும் அது இருக்க வேண்டும். டிவிஆர் கம்பெனியின் கியூஆர் குறி வைத்த ஆப் சுலபம்தான், ஆனால் நம் குடோன் காட்சி அடுத்தவர் சர்வர் ஏற்பாட்டில் போகிறது. வெளியிலிருந்து வீட்டுக்குள் பூட்டிய தனிப் பாதை போட்டுத் தருவது விபிஎன்; டெயில்ஸ்கேல் மாதிரியான விபிஎன், சிஜி-நேட்டைத் தாண்டியும் வேலை செய்யும். மாமா கணக்குப் பார்த்துவிட்டு ஸ்டேட்டிக் ஐபியே வாங்கிக்கொண்டார். டிவிஆரை வெளி உலகத்துக்கு நேராகத் திறந்து வைக்க நான் ஒப்பவில்லை. ரூட்டரிலேயே இருந்த வயர்கார்டு விபிஎன்னைப் போட்டு, செல்போன் முதலில் அதற்குள் நுழைந்து பிறகு டிவிஆரைப் பார்க்கும்படி வைத்தோம். திறந்த போர்ட்டில் டிவிஆர் வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2016ன் மிராய் ஞாபகம்தான் வருகிறது.

கேபிள் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரூட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதை வீடு முடிவு செய்யட்டும், ஜன்னல் முடிவு செய்ய வேண்டாம். கம்பெனிப் பெட்டி வாசலிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். அங்கிருந்து வீட்டின் நடுக்கட்டு வரை ஒரு கேட்-6 கேபிள் இழுத்து, ரூட்டரைத் தலைக்கு மேல் உயரத்தில், பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் தள்ளி வையுங்கள். 100 மீட்டர் வரை லேன் கேபிள் தாங்கும், நம் வீடுகளுக்கு அது தாராளம். கேட்-5இ போட்டாலே ஒரு கிகாபிட் ஓடும். டவுன் ஹால் ரோட்டில் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய மலிவு கேபிள் மடித்த இடத்தில் ஒடியும், ஒரு ஜோடி அறுந்தால் வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அந்த 100ஐ ரூட்டர் வாங்கும்போதும் கவனிக்க வேண்டும். ஆண்டெனா ஆறு வைத்து 1200 என்று அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும், பின்னால் துளைகள் மட்டும் 100 மெகாபிட் வகையாக இருக்கும். 200 மெகாபிட் பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு, அந்த ரூட்டரில் 94க்கு மேல் ஒருநாளும் வராது. துளைகள் கிகாபிட்டா என்பதை அட்டையின் பின்பக்கம் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ஆண்டெனாவை எண்ண வேண்டாம்.

எல்லா வீட்டுக்கும் பிரிட்ஜ் போடச் சொல்ல மாட்டேன். ஒத்தக்கடையில் அக்கா வீட்டுக்கு வெளியிலிருந்து நுழைய எதுவும் இல்லை. மாடியில் பிள்ளைகள் அறைக்கு வைஃபை வேண்டும், அவ்வளவுதான். அங்கே ஆக்சஸ் பாயிண்ட் மோடு பொருத்தம்: கம்பெனிப் பெட்டியே முகவரி கொடுக்கட்டும், நம் ரூட்டர் மாடியில் வைஃபை மட்டும் பரப்பட்டும். ரூட்டரில் அந்த மோடு இல்லாவிட்டால் முகவரி கொடுக்கும் அதன் டிஎச்சிபி வசதியை நிறுத்தி, முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கேபிளை வான் துளையில் போடாமல் லேன் துளையில் போட்டால் அதே வேலை நடக்கும். கம்பெனிப் பெட்டி 192.168.1.2ஐ வேறு யாருக்கும் கொடுத்துவிடாதபடி அதன் டிஎச்சிபி வரம்பை 100லிருந்து தொடங்கி வைத்தேன். இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்ததால் படியேறும்போது போன் பெரும்பாலும் தானாக மாறிக்கொள்கிறது. "நெட்டு இப்பத்தாண்டா நெட்டு மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. அவள் வீட்டுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கரண்ட் போனால் என்ன என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஃபைபரின் நல்ல குணம், வழியிலுள்ள ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருக்கும் வரை ஒளி வந்துகொண்டே இருக்கும். நம் பக்கம் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்கும் மின்சாரம் இருந்தால் ஊரே இருட்டாக இருந்தாலும் நெட் இருக்கும். இரண்டாவது பெட்டி வாங்கும்போது இந்தக் கணக்கும் இரட்டிப்பாகிறது. ரூட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்களில் இரண்டு முனை உள்ளதாக வாங்குங்கள். இரண்டு அடாப்டர்களிலும் எழுதியிருக்கும் வோல்ட் யுபிஎஸ் முனையின் வோல்ட்டோடு ஒத்துப்போகிறதா, ஆம்பியரைக் கூட்டினால் அந்த யுபிஎஸ் தரக்கூடியதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்; 9 வோல்ட் ரூட்டரை 12 வோல்ட்டில் செருகினால் அது எரிந்து போகலாம்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காத சில உண்டு. ரூட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்ற வேண்டும். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. வைஃபை பாஸ்வேர்டு போடாமலே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைக்க வேண்டும். எட்டு இலக்கப் பின் எண்ணை எளிதாக ஊகித்து உள்ளே நுழையலாம் என்று 2011லேயே அம்பலமான பலவீனம் அது. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி அணைந்திருக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு வருகிற கம்பெனியின் ரூட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ரூட்டர் மென்பொருளைப் போட முடிகிற மாடலாக இருந்தால், தயாரித்த கம்பெனி கைவிட்ட பிறகும் அதற்குப் பல ஆண்டு ஆயுள் கிடைக்கும். 2000களின் தொடக்கத்தில் வந்த லிங்க்சிஸ் ரூட்டர் ஒன்றின் லினக்ஸ் மூலநிரல் வெளியே வந்ததிலிருந்து கிளைத்த திட்டம் அது, இன்றும் தன்னார்வலர்கள் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

எல்லாம் ஓடிய பிறகு ரூட்டரின் செட்டிங்கை பேக்கப் எடுத்து வையுங்கள். பிபிபிஓஇ விவரம், வி-லேன் எண், ரூட்டர் முகவரி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடலாம். நிர்வாகப் பாஸ்வேர்டை மட்டும் வேறு இடத்தில் வையுங்கள். நாம் ஊரில் இல்லாத நாளில் வீட்டிலிருப்பவர்களுக்கு அந்தத் தாள்தான் உதவும். மாமாவின் நெட் கம்பெனி அடுத்த ஆண்டு கட்டணத்தை ஏற்றியபோது அவர் வேறு கம்பெனிக்கு மாறினார். ஜன்னலில் வேறு பெட்டி வந்தது. குடோன் கேமராக்கள், பில் போடும் பிரிண்டர், மேல்மாடி டிவி, பேரன் பேத்திகளின் போன்கள் எதையும் யாரும் தொடவில்லை. ரூட்டரில் மாற்றியது வான் பக்கத்தின் யூசர்நேம், பாஸ்வேர்டு, வி-லேன் எண். செல்போன் விபிஎன்னில் மாற்றியது புது ஸ்டேட்டிக் ஐபி. அந்தத் தாளைப் பார்த்து மாமாவின் மகனே அதைச் செய்து முடித்தான்.